கோத்தகிரி வார இறுதிகள்: நடக்க ஒரு பை

வெள்ளி இரவு

மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி உட்கார்ந்தபோது வியர்த்துக் கொண்டிருந்தது. குஞ்சப்பனை வந்ததும் ஜன்னலை இறக்கிவிட்டு சால்வையைத் தேடினேன். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு வரும் தை மாதம்தான் இந்தப் பக்கம் நடக்க எனக்கு மிகப் பிடித்த நேரம். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசி, கார்த்திகையில் எங்காவது மண் சரிந்து சாலை அடைபட்டுக் கிடக்கும். தை பிறந்தால் வானம் தெளிந்து, காலையில் பத்து மலை தள்ளி இருப்பது வரை கண்ணுக்குத் தெரியும்.

இப்போது சில வார இறுதிகள் அத்தை வீட்டில்தான். பகலில் நடை, சாயங்காலம் தையல். தைக்கப் போவது நடைக்கான ஒரு தோள்பை. கடையில் கிடைக்கும் பைகளை எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அளவு, ஒரே நைலான், ஒரே மாதிரி ஜிப். நான் கொண்டு போவது ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில், சால்வை, நோட்டு, ஒரு பொட்டலம் வர்க்கி. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, கடைத் தண்ணீர் பாட்டிலும் அதில் சேர்த்திதான். எனவே கனமான பாட்டிலைச் சுமந்துதான் ஆக வேண்டும். அந்தக் கனத்தைத் தோள் நோகாமல் தாங்குகிற பை வேண்டும்.

முழுப் பையையும் ஒரே மூச்சில் தைத்துவிடப் போவதில்லை. கொஞ்சம் தைத்து, அதை மாட்டிக்கொண்டு நடந்து பார்த்து, நடையில் தெரிவதை வைத்து மீதியைத் தைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

துணி தயார். ஈரோட்டில் வாங்கிய காடாத்துணி, மாமாவின் பழைய ஜீன்ஸ், உள்துணிக்கு அத்தையின் நைந்துபோன சுங்கடிச் சேலை. காடாவை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டேன். புதுக் காடா முதல் அலசலில் சுருங்கும். அது சுருங்கின பிறகுதான் கத்தரியை எடுக்க வேண்டும்.

"இந்தக் குளிர்ல துணி எப்படி கண்ணு காயும்?" என்றார் அத்தை. காலை வெயில் இருக்கிறது, காயும்.

சனி

வீட்டிலிருந்து கன்னேரிமுக்கு பக்கம் நடந்தேன். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் தேயிலைக்கு நடுவே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. அவற்றில் போனால் வண்டிச் சத்தமே இல்லை. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழித்து விட்டிருந்தார்கள். பனி இன்னும் செடி மேலேயே இருந்ததால் முழங்கால் வரை பேன்ட் நனைந்துவிட்டது.

கன்னேரிமுக்கில்தான் ஜான் சல்லிவனின் பங்களா இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர், 1819-ல் இந்த மலைக்கு ஏறி வந்து இங்கே தங்கினார். ஊட்டி பிறந்தது அதற்குப் பிறகுதான். பாழடைந்து கிடந்த கட்டிடத்தைச் சீர் செய்து இப்போது நீலகிரி ஆவணக் காப்பகமும் அருங்காட்சியகமுமாக வைத்திருக்கிறார்கள். ஊட்டிக்குப் போகிற அவசரத்தில் இதைப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம். ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

திரும்பும் வழியில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் நின்றுவிட்டேன். இன்றைக்கு நான் கற்றுக்கொண்டது அங்கேதான். இடுப்பைச் சுற்றி சாக்குப் படுதா கட்டியிருந்தார்கள். தேயிலைக் கிளை சேலையைக் கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க அது. முதுகில் கொழுந்துப் பை. பையின் பட்டையை உச்சந்தலையில் மாட்டியிருந்ததால் இரண்டு கையும் பறிக்க விடுதலையாக இருந்தது. நான் உற்றுப் பார்த்தது அந்தப் பட்டையை. பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து, நெடுக வரிசை வரிசையாக ஓட்டுத்தையல் போட்டு, நாலு விரல் அகலத்துக்குச் செய்திருந்தார் ஒரு அக்கா. இரண்டு முனைகளில் மட்டும் அகலம் குறைந்து கயிறோடு சேர்ந்தது.

"இது நீங்களே தைச்சதாங்க்கா?" என்று கேட்டேன்.

"வேற யாரு தைப்பா சாமி? வெறும் கயிறுன்னா மண்டைய அறுத்துப் போடும். அகலமா இருந்தாத்தான் பாரம் பரவும்."

கையில் வாங்கிப் பார்த்தேன். தலையில் படும் இடத்தில் மட்டும் மடிப்பு கூடுதல், துணி வழவழவென்று தேய்ந்திருந்தது. தையல் ஒன்றுகூட விடவில்லை. தோளில் படும் இடத்தில் அகலம், பையோடு சேரும் இடத்தில் ஒடுக்கம். என் பட்டைக்கு வடிவம் கிடைத்துவிட்டது.

வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரச் சரிவில் காட்டு மாடு ஒன்று மேய்ந்து கொண்டிருந்தது. கோத்தகிரியில் இது அன்றாடக் காட்சி. ஆனாலும் புதிதாக நடக்க வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்: போட்டோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள், அதற்கும் புதருக்கும் நடுவில் நிற்காதீர்கள், நின்ற இடத்தில் நின்று அது போன பிறகு நடங்கள். நானும் எதிர்த் திண்ணையில் ஏறி நின்றேன். பால்காரர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என்னோடு நின்றார். அது போகிற வரை தேயிலை விலை பேசினோம்.

மதியத்துக்குள் காடா காய்ந்துவிட்டது. சாயங்காலம் வெட்டும் வேலை.

துணியை நேராக வெட்ட ஸ்கேலும் சாக்பீஸும் போதாது. மார்க் செய்த இடத்தில் ஒரே ஒரு இழையை ஊசி முனையால் கிளப்பி, மெதுவாக இழுத்து முழுக்க உருவிவிட வேண்டும். இழை போன இடத்தில் துணிக்குள் மெல்லிய கோடு விழும். அந்தக் கோட்டிலேயே கத்தரி போனால் வெட்டு துணியின் பாவோடும் ஊடையோடும் (நெடுக்கு, குறுக்கு இழைகளோடு) ஒத்துப்போகும், பை துவைத்த பிறகு கோணாது. நடுவில் இழை அறுந்தால் அறுந்த இடம் வரை வெட்டிவிட்டு அடுத்த இழையைப் பிடிக்கலாம். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. டிவி பக்கம் கண் போகாமல் இருந்தால் அரை மணியில் முடியும்.

17 அங்குலச் சதுரமாக இரண்டு துண்டு காடா, அதே அளவில் இரண்டு சுங்கடி. பட்டைக்கு ஜீன்ஸ் காலிலிருந்து 6 அங்குல அகலத்தில் துண்டுகள். இரண்டு ஓரத்தையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, பிறகு நடுவில் மடித்தால் தைத்த பட்டை இரண்டரை அங்குலம் வரும். ஒரு கால் நீளம் போதாது, இரண்டை ஒட்ட வேண்டும். ஒட்டுவதைக் குறுக்கே நேராக ஒட்டாமல் சாய்வாக ஒட்டினால் தடிமன் ஒரே இடத்தில் குவியாது.

பையின் பக்கங்களைச் சேர்த்தாயிற்று. பட்டையை மட்டும் கையால் பெரிய ஓட்டுத்தையல் போட்டுப் பிடிப்பித்திருக்கிறேன், நாளை நடந்து பார்த்துவிட்டு நீளத்தை மாற்ற வசதியாக. அத்தை மிஷின் கால் மிஷின்தான். இரவில் அதன் சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும் என்பதால் ஒன்பது மணிக்கு மூடியாயிற்று.

ஞாயிறு

காலை லாங்வுட் சோலை. வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஆள் துணையோடுதான் உள்ளே போக வேண்டும். 116 ஹெக்டேர் இருக்கும். சுற்றிலும் தேயிலையும் வீடும் வந்துவிட்ட பிறகு கோத்தகிரிக்குப் பக்கத்தில் மிஞ்சி நிற்கும் இயற்கைச் சோலை இது. 2024 ஜனவரியில் இதை ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியல் ஈரநிலங்களுக்கானது. காட்டை ஏன் அதில் சேர்த்தார்கள் என்பது உள்ளே பத்து நிமிடம் நடந்தால் புரிந்துவிடும். காலடியில் இலைமக்கு மெத்தென்று அமுங்குகிறது, பாறை இடுக்கெல்லாம் தண்ணீர் கசிகிறது. மழை நின்று வாரக்கணக்கான பிறகும் ஓடை ஓடுகிறது. கீழே இருக்கும் ஊர்களுக்குக் குடிநீர் இங்கிருந்துதான் போகிறது.

மரங்கள் உயரம் இல்லை. கிளையெல்லாம் பாசி. ஒரு சீகாரப் பூங்குருவி ஓடைக்கு மேலே எங்கேயோ சீட்டியடித்துக்கொண்டே இருந்தது, கடைசி வரை கண்ணில் படவில்லை. மலை அணில் ஒன்று மட்டும் தரிசனம் தந்தது.

பையைப் பற்றி: பட்டை நன்றாக இருக்கிறது, தோளில் படிந்து உட்காருகிறது. நீளம் இரண்டு அங்குலம் குறைய வேண்டும். பாட்டில் பைக்குள் உருண்டு ஒவ்வொரு அடிக்கும் இடுப்பில் இடித்தது, அதற்குத் தனி அறை வேண்டும், அதுவும் முதுகுப் பக்கமாக. குனிந்தால் நோட்டு வெளியே எட்டிப் பார்க்கிறது, மூடி வேண்டும். இவ்வளவும் ஒரு காலை நடையில் தெரிந்தது. மேசையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் ஜிப்பைப் பற்றி மட்டும்தான் யோசித்திருப்பேன்.

மதிய பஸ்ஸில் கோவை.

அடுத்த சனி

அதிகாலை பஸ்ஸில் குன்னூர், அங்கிருந்து மலை ரயிலில் கேத்தி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பாதை 1899-ல் வந்தது, ஊட்டி வரை நீண்டது 1908-ல். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில், இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏற, பல்சட்டம் இருக்கும், குன்னூருக்கு மேலே அது இல்லை, இன்ஜினும் டீசல். ஆனால் வெலிங்டன், அருவங்காடு தாண்டி வண்டி மெதுவாக ஏறும்போது கேத்திப் பள்ளத்தாக்கு திறப்பது இந்தப் பகுதியில்தான். இந்தக் குறுகிய தூரத்துக்கு டிக்கெட் கிடைப்பதும் சுலபம்.

கேத்தி ஸ்டேஷனில் இறங்கி எல்லநள்ளிப் பக்கம் ஏறி நடந்தேன். படிப்படியாகக் கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு. பள்ளத்தில் வெயில் விழாத பாத்திகளில் உறைபனி இன்னும் வெள்ளையாக இருந்தது. பறித்த கேரட்டை மூட்டை கட்டிக் கொண்டிருந்தவர் இரண்டை எடுத்து நீட்டினார். மண்ணைத் துடைத்துவிட்டு நடந்துகொண்டே தின்றேன்.

தையல் பிடித்தவர்களுக்கு எல்லநள்ளி ஒரு முக்கியமான ஊர். நம் வீட்டுத் தையல் டப்பாவில் இருக்கும் போனி ஊசியைச் செய்கிற நீடில் இண்டஸ்ட்ரீஸ் இங்கேதான் இருக்கிறது. கம்பெனி தொடங்கியது 1949-ல். கை ஊசி, பின்னல் ஊசி, குரோஷா ஊசி என்று இந்த மலையிலிருந்து வெளியே போவதை நினைத்தால் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. அம்மா எனக்கு முதன்முதலில் நூல் கோத்துக் கொடுத்த ஊசியும் போனிதான். தொழிற்சாலைக்குள் போகவில்லை, மதிலோரமாக நடந்து போனதே போதுமாக இருந்தது.

மத்தியானம் கோத்தகிரி திரும்பியபோது, கைவினைப் பொருள் விற்கும் ஒரு கடையின் வராந்தாவில் நீலகிரிப் பழங்குடியான தோடர் பெண்மணி ஒருவர் வெயிலில் உட்கார்ந்து தைத்துக் கொண்டிருந்தார். அனுமதி கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை.

தோடர்கள் இந்தத் தையலை புக்கூர் என்கிறார்கள். வெள்ளை முரட்டுப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்புமான கம்பளி நூல், ஒரு ஊசி. அவ்வளவுதான். சட்டம் கிடையாது, துணியில் வரைவது கிடையாது. இடது கை விரல் நகத்தால் இழைகளைத் தடவி எண்ணி, சில இழைகளுக்குக் கீழே ஊசியை விட்டு, சில இழைகளைத் தாண்டி எடுக்கிறார். ஒரு வரிசை முடிந்து திரும்பும்போது நூலை ஓரத்தில் இறுக்காமல் சின்ன வளையமாக விடுகிறார். துவைத்தால் துணி சுருங்கும், அதற்கு இடம். நூலை மேடாக நிற்க விடுகிற பக்கம்தான் அவர்களுக்கு முகப்பு. எண்ணிக்கை தலைக்குள் இருக்கிறது. என்னோடு பேசிக்கொண்டே தைத்தார், ஒரு இழை தவறவில்லை. நான் இழை உருவி வெட்டும்போது துணியை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டியிருந்தது என்று யோசித்தேன். அவர் ஒவ்வொரு குத்துக்கும் அப்படிப் பார்க்கிறார், அதுவும் விரல் நுனியால்.

பூத்துக்குளி என்கிற அவர்களுடைய சால்வையை விரித்துக் காட்டினார். ஆணும் பெண்ணும் போர்த்துவது. இரட்டை மடிப்புத் துணி. இரண்டு மடிப்புக்கு நடுவே பெரிய பை ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பை இருப்பதே தெரியாது, போர்த்தினால் உடம்போடு ஒட்டி இருக்கும்.

2013-ல் இந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் இதே கோலத்தைத் துணியில் அச்சடித்தும், மிஷினில் அடித்தும் தோடர் சால்வை என்று விற்கிறார்கள். வாங்கும் முன் துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் எண்ணித் தைத்ததில் இரண்டு பக்கமும் கோலம் தெளிவாக இருக்கும், மேல் பக்கத்தை விரலால் தடவினால் நூல் மேடு தட்டும். அச்சில் இது எதுவும் இருக்காது. ஒரு பெரிய சால்வைக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். விலையைப் பார்த்துப் பேரம் பேச வாய் வரும்போது அந்த வாரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னதாக வேண்டுமானால் பர்ஸ், மேசை விரிப்பு, கண்ணாடி உறை எல்லாம் செய்கிறார்கள். நான் ஒரு கண்ணாடி உறை வாங்கினேன்.

"உங்க பையில நீங்களே இப்படி ஒரு பூ போடலாமே" என்று கடைக்காரர் சொன்னார். போட மாட்டேன். அது அவர்களுடையது. கற்றுத் தரக் கூப்பிட்டால் காலடியில் உட்கார்ந்து கற்றுக்கொள்வேன், ஆனால் பார்த்ததை வைத்து என் பையில் நகல் எடுக்க மனசு வராது.

அந்த இரட்டை மடிப்பின் நடுவே பை வைக்கிற யோசனை மட்டும் என்னை விடவில்லை. இரவு தைத்தது அதை வைத்துத்தான். காடாவுக்கும் சுங்கடிக்கும் நடுவே முதுகுப் பக்கம் நெடுக ஒரு தையல் போட்டு, பாட்டில் நிற்கிற அகலத்துக்கு ஓர் அறை. பாட்டில் இனி உருளாது, வெளியே தெரியவும் தெரியாது. நோட்டுக்கு மேலே மடிந்து விழும் மூடி, ஜீன்ஸின் பின்பாக்கெட்டை அப்படியே பிரித்தெடுத்து ஒட்டியது. மாமாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, "என் சில்லறைப் பாக்கெட்!" என்றார்.

அடிப்பகுதி தட்டையாக நிற்க, பையை உள்புறம் திருப்பி, கீழ் மூலையை முக்கோணமாக விரித்து, அகலம் 4 அங்குலம் வரும் இடத்தில் குறுக்கே தைக்க வேண்டும். இரண்டு மூலையிலும் அதே அளவு. தைத்து முடித்தால் பை 12 அங்குல அகலம், 13 உயரம், அடியில் 4.

ஜீன்ஸ் மேல் ஜீன்ஸ் வரும் இடங்களுக்கு 16-ஆம் நம்பர் ஊசி மாற்றிக்கொள்ளுங்கள். தடிமன் கூடும் இடத்தில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு குத்தாகத் தாண்டுங்கள், ஊசி உடையாது.

அடுத்த ஞாயிறு

கோடநாடு காட்சிமுனை. கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் போய், கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கி நடந்தேன். சாலை இருபுறமும் தேயிலை. முனைக்கு வந்ததும் மலை சட்டென்று முடிந்து, கீழே ரொம்ப ஆழத்தில் மாயாறு தெரிகிறது. ஆற்றங்கரையில் பச்சையாக ஒரு துண்டு, அது தெங்குமரஹடா. நீலகிரி மாவட்டத்து ஊர்தான், ஆனால் போக வேண்டுமானால் பவானிசாகர் பக்கமாகக் காட்டுக்குள் சுற்றிப் போய் ஆற்றைக் கடக்க வேண்டும். வலது பக்கம் ரங்கசாமி தூண் பாறை. ஒன்பது மணிக்கு மேல் மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்று டீக்கடைக்காரர் சொன்னார், அதேபோல் ஏறியது. காலையிலேயே வந்துவிடுங்கள்.

பை இன்று முழு நாள் தோளில் இருந்தது. பாட்டில் முதுகோடு ஒட்டி நின்றது, எடுத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மூடி ஒரு தடவைகூடத் திறந்துகொள்ளவில்லை. பட்டை பையோடு சேரும் இரண்டு இடத்திலும்தான் இழுவை முழுக்க விழுகிறது. மத்தியானம் வந்ததும் அங்கே இருந்த கைத்தையலைப் பிரித்துவிட்டு, சதுரமாக ஒரு சுற்று அடித்து, அதன் நடுவே பெருக்கல் குறி போட்டுப் பூட்டினேன். உள்பக்கம் ஜீன்ஸ் துண்டு ஒன்றை வைத்து, அதையும் சேர்த்து அடித்திருக்கிறேன். அதனால் பாரம் காடாவைக் கிழிக்காது.

அத்தைக்கும் ஒன்று வேண்டுமாம். சந்தைக்குக் கொண்டு போக. அவருக்குப் பாட்டில் அறை வேண்டாம், காய் கனம் தாங்க அடி மட்டும் இரட்டைத் துணியாக வேண்டும், கொத்தமல்லி நசுங்காமல் இருக்க மேலே ஒரு தனித் தட்டு வேண்டும், பட்டை கைக்குள் அடங்குகிற மாதிரி குட்டையாக இரண்டு. மீதிக் காடா 17 அங்குலத்துக்குப் போதாது, 15-தான் வரும். வாளியில் இப்போதே போட்டுவிட்டேன், அடுத்த சனிக்கிழமை வெட்டலாம்.